போட் வாங்குறது ஈஸி பாஸ்... எங்க நிறுத்துவீங்க?

சென்னையில கார் வாங்குறவங்க மைலேஜுக்கு முன்னாடி விசாரிக்கிறது பார்க்கிங்கைத்தான். அப்பார்ட்மென்ட்ல ஸ்லாட் உண்டா, தெருவுல விட்டா எதிர்வீட்டு அங்கிள் சண்டைக்கு வருவாரா, புயல்னு சொன்னதும் வேளச்சேரி பாலத்து மேல ஏத்திவிட இடம் கிடைக்குமா... இதுக்கெல்லாம் பதில் தெரிஞ்ச பிறகுதான் ஷோரூம் பக்கமே போறோம்.

இப்போ காரை விடுங்க. இன்ஸ்டாவுல யாட் ரைடு ரீல்ஸ் பார்த்துப் பார்த்து, நமக்கும் ஒரு பாய்மரப் படகு இருந்தா எப்படியிருக்கும்னு ஆசை வந்துடுச்சுன்னு வெச்சுக்குவோம். பெரிய யாட் எல்லாம் வேண்டாம். ஒருத்தர் ஓட்டுற சின்ன டிங்கி போதும். புதுசுன்னா சில லட்சம் ஆகும். பழசு தேடினா, நல்ல பைக் விலையில்கூட அமையலாம். வாங்கிட்டீங்க. லாரியில வந்து இறங்கிடுச்சு. அடுத்து?

இங்கேதான் கதை ஆரம்பிக்குது. ஏன்னா பாய்மரப் படகோட்டத்துல உண்மையான செலவு படகு இல்ல, படகு தூங்குற இடம். தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல கடற்கரை இருக்கு. ஆனா கடலோரத்துல ஒரு டிங்கியை நிம்மதியா நிறுத்திட்டு வீட்டுக்குப் போற மாதிரி இடங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். அந்த இடம் யார் கையில இருக்கு, அங்கே யார் உள்ளே போகலாம் என்பதுதான் இந்த விளையாட்டு யாருடையது என்பதையும் முடிவு பண்ணுது.

மொட்டை மாடி, பீச், கூவம்...

முதல்ல சைஸைப் பார்ப்போம். குழந்தைங்க கத்துக்கிற 'ஆப்டிமிஸ்ட்' படகு சுமார் 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ. இதைக்கூட ரெண்டு பேர் தூக்கிட்டுப் போய்டலாம். ஒலிம்பிக்கில் ஓட்டுகிற 'இல்கா' (பழைய பெயர் லேசர்) 4.2 மீட்டருக்குச் சற்று அதிகம். உடல் மட்டும் 59 கிலோ. அதுக்கு மேல பாய்மரம், பாய், சுக்கான், நடுவுல செருகுற பலகை எல்லாம் தனி. லிஃப்ட்ல ஏறாது, மாடிப்படியில திரும்பாது. அசோசியேஷன் செகரட்டரி கிட்ட ஒன்றரை கார் ஸ்லாட் கேட்டுப் பாருங்க. அவர் என்ன சொல்வார்னு உங்களுக்கே தெரியும்.

சரி, பீச்சுலயே விட்டுடலாமா? பட்டினப்பாக்கத்துல மீனவர்கள் விடுறாங்களே? விடுறாங்க. ஆனா அந்தக் கடல் முகத்தை ஒரு நிமிஷம் நின்னு கவனிச்சிருக்கீங்களா? சென்னைக் கரையில அலை ஒரே இடத்துல உடையாது, அடுத்தடுத்து வரிசையா உடையும். அதைத் தாண்டி வெளியே போறதே ஒரு வித்தை. கட்டுமரம் அதுக்காகவே உருவானது. அலை மேல விழுந்தாலும் கட்டைகளுக்கு நடுவுல தண்ணி வழிஞ்சு ஓடிடும். கவிழ்ந்தா திருப்பிப் போட்டுக்கலாம். இன்றைய ஃபைபர் படகை ஓட்டுறவங்களும் எந்த அலைக்குப் பின்னாடி இன்ஜினை முடுக்கணும்னு சின்ன வயசுலயே கத்துக்கிட்டவங்க. நம்ம டிங்கிக்கோ அடியில பலகை, பின்னாடி சுக்கான் ரெண்டும் கீழே நீட்டிக்கிட்டு இருக்கும். ஆழமில்லாத இடத்துல ஓர் அலை தூக்கிப் போட்டா முதல்ல உடையறது அதுதான். தவிர, அந்த மணல் காலி இடம் இல்லை. யார் படகு எங்கே நிற்கும், யார் வலை எங்கே காயும் என்பதெல்லாம் அந்தந்தக் குப்பத்துல தலைமுறையா முடிவாகியிருக்கிற விஷயம். புதுசா ஒரு படகைக் கொண்டுபோய் ஓரமா நிறுத்துறது, அடுத்தவங்க வீட்டு வாசல்ல காரை விடுறதுக்குச் சமம்.

ஆறு? அடையாறு ஆத்துல 1867-லிருந்து மெட்ராஸ் போட் கிளப் இருக்கு. ஆனா அது துடுப்புப் படகுக்கான இடம். நீளமான, ஒல்லியான படகுகளை ஷெட்ல அடுக்கு அடுக்கா வெச்சிருப்பாங்க. காத்தை நம்பி வளைஞ்சு வளைஞ்சு போற பாய்மரத்துக்கு அந்த ஆத்து அகலம் பத்தாது. முகத்துவாரமும் வருஷத்துல பாதி நாள் மணல் மூடிக் கிடக்கும். கூவத்தைப் பத்தி நான் எதுவும் சொல்லப்போறதில்லை.

ஆக, சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வரணும். சென்னைத் துறைமுகம். கன்டெய்னரும் ஏற்றுமதிக் காரும் வரிசை கட்டி நிற்கிற அதே துறைமுகத்துக்குள்ளதான் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும், தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் இயங்குது. சுவருக்குள்ள தண்ணி அமைதியா இருக்கும். அங்கிருந்து கிளம்பி, வாயைத் தாண்டினா நேரா வங்கக் கடல்.

கிளப் விற்கிற பொருள் எது?

செய்லிங் கிளப்னா பார், டை கட்டின அங்கிள்ஸ், சுவர்ல பழைய போட்டோன்னு ஒரு பிம்பம் நமக்கு இருக்கு. ஓரளவுக்கு நிஜமும்தான். ஆனா அதை எல்லாம் கழிச்சுட்டுப் பார்த்தா, கிளப் உங்களுக்குத் தருவது நாலு சாதாரண விஷயங்கள். படகு நிற்க கொஞ்சம் தரை, தண்ணிக்குள்ள இறக்க ஒரு சரிவு, உப்பைக் கழுவ நல்ல தண்ணிக் குழாய், ஆபத்துன்னா வந்து இழுத்துட்டுப் போக ஒரு மோட்டார் படகு. இந்த நாலும் இல்லாம கடல்ல டிங்கி ஓட்டவே முடியாது. இந்த நாலும் தனி ஆளால ஏற்பாடு பண்ணவும் முடியாது. அதனாலதான் உலகம் முழுக்க இந்த விளையாட்டு கிளப்புகளைச் சுத்தியே வளர்ந்திருக்கு.

படகு வைக்கிறதுலயும் ரெண்டு ஜாதி உண்டு. டிங்கி, தரையில தூங்குறது. ஓட்டி முடிச்சதும் சின்ன சக்கர வண்டியில ஏத்தி, இழுத்துட்டு வந்து, கழுவி, கவர் போட்டுக் கட்டிடுவாங்க. நம்ம ஊர் கிளப்புகள்ல இந்த வேலைக்குன்னே ஆட்கள் இருப்பாங்க. படகுகளோட உடம்பு, அவற்றின் உரிமையாளர்களைவிட இவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். எந்தக் கப்பி தேஞ்சிருக்கு, எந்தப் பாய் அடுத்த மாசம் கிழியும்னு கையால தடவிப் பார்த்தே சொல்லிடுவாங்க.

கொஞ்சம் பெரிய, அடியில் கனமான கீல் வெச்ச படகு தண்ணியிலயே தூங்கும். அதுக்குத்தான் மூரிங். பார்க்கிறவங்களுக்கு மேல மிதக்கிற ஒரு மிதவை மட்டும்தான் தெரியும். விஷயமெல்லாம் கீழே. கடலடியில ஒரு பெரிய கான்கிரீட் கட்டி. அதிலிருந்து தடிமனான சங்கிலி. அதுக்கு மேல கொஞ்சம் மெல்லிய சங்கிலி. நடுவுல, முறுக்கு விழாமச் சுத்துற ஒரு வளையம். மேலே மிதவை. அதிலிருந்து படகோட மூக்குக்கு ஒரு கயிறு. காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் படகு தானே திரும்பிக்கும். அதனால ஒரு படகுக்கு அதன் நீளம் மட்டும் இடமில்லை, அது சுத்துற வட்டம் முழுக்க அதோட இடம். சங்கிலி எவ்வளவு நீளமோ வட்டம் அவ்வளவு பெரிசு. சங்கிலியைக் குறைக்கவும் முடியாது, ஏன்னா கடல் மட்டம் ஏறி இறங்கும். சென்னையில பெரிய ஓதத்துலகூட இந்த ஏற்ற இறக்கம் சுமார் 1 மீட்டர்தான். மும்பையில 4 மீட்டரைத் தாண்டும். கேட்வே ஆஃப் இந்தியா முன்னாடி மிதந்துகிட்டு இருக்கிற படகுகளைப் பார்த்திருப்பீங்க. அதுல ஒவ்வொண்ணும் எவ்வளவு தண்ணியைத் தனக்குன்னு வளைச்சுப் போட்டிருக்குன்னு அடுத்த முறை கவனிங்க. ஜூன் மாச மழைக்கு முன்னாடி அவற்றைக் கரையேத்திடுவாங்க. தென்மேற்குப் பருவக்காத்துல திறந்த தண்ணியில படகை விட்டு வைக்க அங்கே யாருக்கும் தைரியம் கிடையாது.

புயல்ல மூரிங் போறது பெரும்பாலும் சங்கிலி அறுந்து இல்லை. கயிறு படகோட விளிம்புல உரசி உரசி, ராத்திரி முழுக்க ஒரே இடத்துல தேஞ்சு, விடியும்போது பட்டுனு போகும். அந்த உரசுற இடத்துல ஒரு ரப்பர் குழாயை மாட்டியிருந்தா படகு பிழைச்சிருக்கும். அதை மாட்டினாங்களா இல்லையா, கீழே சங்கிலி துருப்பிடிச்சிருக்கான்னு ஆள் விட்டுப் பார்த்தாங்களா என்பதுதான் நல்ல கிளப்புக்கும் வெறும் கிளப்புக்கும் வித்தியாசம். இதோட வெதுவெதுப்பான நம்ம கடல் செய்யுற வேலை வேற. கொஞ்ச வாரம் கவனிக்காம விட்டா அடிப்பக்கம் முழுக்கப் பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கும். அப்புறம் அந்தப் படகு காத்தடிச்சாலும் நகராது, எருமை மாதிரி நிக்கும்.

ஒரே சுவர், ரெண்டு கதை

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்க, மசுலாப் படகுகள்ல அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுவந்து இறக்கின ஊர் இது. 19-ம் நூற்றாண்டுல கடலுக்குள்ள ரெண்டு கைகளை நீட்டின மாதிரி அலைத்தடுப்புச் சுவர் கட்டினாங்க. 1881 புயல் அதைச் சிதைச்சுப் போட்டது. திரும்பக் கட்டினாங்க. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத் தலைவரா இருந்த பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்குப் பார்த்த வாயை வடகிழக்குப் பக்கமாத் திருப்பினார். (கணிதமேதை ராமானுஜன் 1912-ல் கிளார்க்கா சேர்ந்தாரே, அந்த அலுவலகத்தோட தலைவர் இவர்தான்.) அதே ஸ்பிரிங்தான் 1911-ல் யாட் கிளப்பையும் தொடங்கினார். கிளப் இருக்கிற ஸ்பிரிங்ஹேவன் துறைக்கு அவர் பெயர்தான்.

இந்தச் சுவர் பாய்மரப் படகுகளுக்கு அமைதியான தண்ணியைக் கொடுத்துச்சு. ஆனா கடலுக்கு வேற கணக்கு இருக்கு. நம்ம கரையில வருஷத்துல பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். நடுவுல ஒரு சுவர் வந்ததும் தெற்குப் பக்கம் மணல் தேங்கிச்சு. மெரினா அகலமாச்சு. வடக்குப் பக்கம் மணல் வரத்து நின்னுச்சு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கரை அரிச்சு, வீடுகள் போய், சாலை போய், கடைசியில கல்லைக் கொட்டினாங்க. கல் கொட்டின கரையில கட்டுமரத்தை எப்படி ஏத்துவீங்க? மணல் இருந்தாத்தானே படகு நிறுத்த முடியும்?

அதாவது, ஒரு கூட்டத்துக்குப் படகு நிறுத்த இடம் கொடுத்த அதே சுவர், பக்கத்துல இருந்த இன்னொரு கூட்டத்தோட இடத்தை எடுத்துக்கிட்டது. யாரும் சதி பண்ணலை. ஆனா இது நடந்தது. நூறு வருஷமா அதைச் சரிக்கட்டும் வேலைதான் வடசென்னைக் கரையில ஓடிக்கிட்டு இருக்கு. காசிமேடு மீன்பிடித் துறைமுகம், அங்கங்கே தூண்டில் வளைவு, 2025-ல் திறந்த திருவொற்றியூர் சூரை மீன்பிடித் துறைமுகம் வரைக்கும் எல்லாமே ஒரு வகையில பார்க்கிங் பிரச்னைக்கான பதில்கள். காசிமேட்டுல படகோடு படகு உரசி நிற்கிற நெரிசலைப் பார்த்தா தி.நகர் ரங்கநாதன் தெரு விசாலமாத் தெரியும்.

இங்கே ஒரு வேடிக்கை. உலகத்துல எங்கே போய் 'மரினா'ன்னு கேட்டாலும், உல்லாசப் படகுகளைக் கட்டிப்போடுற இடத்துக்குத்தான் வழி காட்டுவாங்க. 1880-கள்ல ஆளுநர் கிராண்ட் டஃப் நம்ம கடற்கரைச் சாலைக்கு, தான் பார்த்த சிசிலி ஞாபகத்துல அந்தப் பெயரை வெச்சார். பெயர் நின்னுச்சு, சுண்டல் வந்துச்சு, படகு கட்டுற இடம் மட்டும் வரவே இல்லை. இந்தியாவுல அந்த அர்த்தத்துல ஒரு மரினா பார்க்கணும்னா கொச்சியில போல்காட்டிக்குப் போகணும். முப்பதுக்கும் மேற்பட்ட படகுகள் நிக்கிற சின்ன இடம்தான் அது.

கேட்டுக்கு உள்ளே, கேட்டுக்கு வெளியே

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து நாலு பேர் செய்லிங்குக்குப் போனாங்க. நேத்ரா குமணன், வருண் தாக்கர், கே.சி.கணபதி, விஷ்ணு சரவணன். முதல் மூணு பேரும் சென்னை. நாலாவது ஆள் பிறந்தது வேலூர்ல. நேத்ரா 2009-ல் ஒரு சம்மர் கேம்ப்ல சேர்ந்துதான் முதன்முதலா படகுல ஏறினார். துறைமுகத்துக்குள்ள இருக்கிற அந்தத் துளி இடத்திலிருந்து இவ்வளவு பேர் வந்திருக்காங்கன்னா அது சாதாரண சாதனை இல்லை. அந்த கிளப்புகளுக்கு ஒரு சல்யூட் வைக்கத்தான் வேணும்.

ஆனா அந்த இடம் இருக்கிறது பாதுகாப்பு வளையத்துக்குள்ள. 2008 மும்பைத் தாக்குதல்ல பயங்கரவாதிகள் கடல் வழியா வந்த பிறகு, துறைமுகக் கேட் இன்னும் இறுகிடுச்சு. சி.ஐ.எஸ்.எஃப் நிக்கும், பாஸ் வேணும், வண்டிக்கு அனுமதி வேணும். அது தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா விளைவு என்னன்னா, கேட்டுக்கு வெளியே ராயபுரத்துல கடலைப் பார்த்தே வளர்ந்த ஒரு பையன், உள்ளே சில நூறு மீட்டர்ல நிக்கிற டிங்கியைத் தற்செயலாப் பார்க்கிற வாய்ப்பே கிடையாது. கிரிக்கெட்டுல நாம சேர்ந்தது எப்படி? மைதானத்தோரம் நின்னு வேடிக்கை பார்த்து, பந்து பொறுக்கிப் போட்டு, ஒருநாள் 'வர்றியாடா'ன்னு கூப்பிட்டப்போ போனோம். செய்லிங்ல அந்த வேடிக்கை பார்க்கிற சுவரே இல்லை.

இதையே சர்ஃபிங்கோட வெச்சுப் பாருங்க. கோவளத்துல மீனவக் குடும்பத்துப் பசங்க சர்ஃபர்களா, பயிற்சியாளர்களா வந்துட்டாங்க. 2025 ஆகஸ்ட்ல ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே மாமல்லபுரத்துல நடந்துச்சு. சர்ஃபிங் எப்படி இவ்வளவு சீக்கிரம் கரைக்காரங்களோட விளையாட்டா மாறிச்சு? பல காரணம் சொல்லலாம். எனக்குப் படுற முக்கியமான காரணம், சர்ஃப் போர்டை அக்குள்ல இடுக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம். சுவர்ல சாய்ச்சு வெச்சா முடிஞ்சது. அதுக்கு கிளப் தேவையில்லை, கேட் பாஸ் தேவையில்லை, ஸ்லாட் தேவையில்லை.

'பணக்கார விளையாட்டு, விடுங்க பாஸ்'னு இந்த இடத்துல ஒரு குரல் வரும். அப்போ போபாலைப் பார்க்கணும். மத்தியப் பிரதேசத்துக்குக் கடலே கிடையாது. அங்கே ஏரியில ஒரு செய்லிங் பள்ளி நடக்குது. தேவாஸ் மாவட்டத்து விவசாயியின் மகள் நேஹா தாக்கூர் அங்கே பயிற்சி எடுத்து, 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுல வெள்ளி வாங்கினார். அவர் குடும்பம் படகு வாங்கலை, வாடகை கட்டலை. படகு அரசாங்கத்தோடது, அது நிக்கிற கரை அரசாங்கத்தோடது. ஹைதராபாத்ல ஹுசேன் சாகர் ஏரியில ஒரு கிளப், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துத் தேசியப் போட்டி வரைக்கும் கொண்டுபோயிருக்கு. ஹாங்சோவுல வெண்கலம் வாங்கின விஷ்ணு சரவணன் ராணுவ வீரர். ராணுவத்துக்குன்னு மும்பையில தனிப் படகுப் பயிற்சித் தளம் இருக்கு. மூணு கதையிலயும் பொதுவா இருக்கிறது பணம் இல்லை. படகை வேற யாரோ பத்திரமா நிறுத்தி வெச்சிருந்தாங்க, பிள்ளைங்க போய் ஓட்டினாங்க, அவ்வளவுதான். கடலே இல்லாத ஒரு மாநிலம் செஞ்சதை, கடல் மட்டுமே எல்லையா இருக்கிற ஓர் ஊர் ஏன் செய்யலைங்கிறது எனக்கு இன்னும் புரியலை. 2026 செப்டம்பர்ல ஜப்பான்ல ஆசிய விளையாட்டு, 2028-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்னு கணக்குப் போடுறவங்க முதல்ல போட வேண்டிய கணக்கு இது.

இங்கிலாந்துல நிலைமை எப்படி? அங்கே ஊருக்கு ஊர் கிளப் இருந்தும் இடம் பத்தாது. மூரிங்குக்குப் பல வருஷம் வெயிட்டிங் லிஸ்ட் ஓடுற துறைகள் இருக்கு. கடலடித் தரையில பெரும்பகுதி மன்னர் பெயரில் இருக்கிற 'கிரவுன் எஸ்டேட்' வசம், அதனால கான்கிரீட் கட்டி போடுறதுக்கும் அனுமதி, வாடகை உண்டு. அங்கே கிளப்புகளோட பெரிய தலைவலி, செத்த படகுகள். ஆசையா வாங்கி, ரெண்டு கோடை ஓட்டிட்டு, அப்படியே மறந்துட்டுப் போனவங்களோட டிங்கிகள் புல் முளைச்சுக் கிடக்கும். வருஷச் சந்தா ஸ்டிக்கர் ஒட்டாத படகுக்கு நோட்டீஸ் அனுப்பி, பதில் இல்லைன்னா விற்க 1977-ல் வந்த ஒரு சட்டம் வழி சொல்லுது. வருஷத்துல சில நாள் உறுப்பினர்களே வந்து புல் வெட்டணும், சரிவைத் தேய்க்கணும், மீட்புப் படகு ஓட்டணும்னு விதி வெச்ச கிளப்புகளும் நிறைய. சம்பள ஆட்களை நம்பாததால கட்டணம் இறங்குது. இது மட்டும் நம்ம ஊர்ல நடக்கிற காரியமான்னு எனக்குச் சந்தேகம்தான். ஜிம்ல வெயிட்டையே திருப்பி வைக்காதவங்க நாம.

புயல் வந்தா யாருக்கு இடம்?

நிறுத்துற இடத்தோட அருமை வெயில் நாள்ல தெரியாது. 2018-ல் கஜா, 2023 டிசம்பர்ல மிக்ஜாம். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினதும் கப்பல்களையே துறைமுகம் வெளியே, ஆழ்கடலுக்கு அனுப்பிடும். உள்ளே சுவரோடு மோதுறதைவிட வெளியே தாக்குப்பிடிக்கிறது மேல். டிங்கிக்காரங்க பாய்மரத்தைக் கழட்டி, படகைத் தரையோட சேர்த்துக் கட்டிடுவாங்க. சிலர் உள்ளே தண்ணி நிரப்பிக்கூட வைப்பாங்க, காத்து தூக்காம இருக்க. அங்கே சுவர் இருக்கு, தரை இருக்கு, ஆள் இருக்கு.

ஃபைபர் படகுக்காரங்களுக்கு? டிராக்டர் வெச்சு, இல்லைன்னா ஊரே சேர்ந்து தோள் கொடுத்து மேட்டுக்கு இழுப்பாங்க. மேடு எங்கே இருக்கு? ஒரு பக்கம் கடல் அரிச்சிருக்கும், இன்னொரு பக்கம் ரோடு வந்திருக்கும். மெரினா லூப் ரோடுல மீன் கடைகளை அகற்றினப்போ 2023 ஏப்ரல்ல நடந்த போராட்டம் ஞாபகம் இருக்கும். கடைகளுக்குப் பதிலா மார்க்கெட் கட்டடம் வந்துச்சு. ஆனா படகும் வலையும் நிக்கிற மணலுக்கு எந்தக் கட்டடமும் பதிலாகாது. மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர்ல எண்ணெய் கலந்தப்போ, கட்டியிருந்த இடத்துலயே படகுகள் கறுப்பாகிப் போச்சு. அவங்களுக்கு ஓட்டிட்டுப் போய் ஒதுங்க வேற கரை இல்லை.

கடலோர மண்டல வரைபடத்துல மீனவ ஊர்கள், படகு நிறுத்தும் இடம், வலை காய வைக்கிற இடம் எல்லாத்தையும் குறிக்கணும்னு மீனவர் அமைப்புகள் வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு இருக்காங்க. காகிதத்துல இல்லாத இடம் நாளைக்குக் காலி இடமாயிடும்னு அவங்களுக்குத் தெரியும். ஈ.சி.ஆர் பக்கம் மரினா வரப்போகுது, யாட் சுற்றுலா வரப்போகுதுன்னு அவ்வப்போது செய்தி வரும்போது நான் தேடிப் படிக்கிறது ரெண்டே விஷயம். இழுத்துப் போடுற டிங்கிக்கும் பொதுப் பயிற்சிக்கும் எத்தனை இடம்? அந்தச் சுவருக்கு வடக்கே எந்த ஊர் இருக்கு? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. ரெண்டாவதை யாரும் கேட்கவே மாட்டாங்க.

சரி, உங்க ஆசைக்கு வருவோம்

படகை வாங்காதீங்க. குறைந்தபட்சம் இப்போ வாங்காதீங்க. முதல்ல ஒரு கோடைக்காலப் பயிற்சியில சேருங்க, கிளப் படகுலயே கத்துக்கோங்க. பிடிச்சுப்போய் சொந்தமா வாங்கணும்னு தோணினா, விலை பேசுறதுக்கு முன்னாடியே கிளப் ஆபீஸ்ல போய்ப் பேசுங்க. உறுப்பினர் சந்தாவுல படகு வைக்கிற இடமும் சேர்ந்ததா, தனிக் கட்டணமான்னு கேளுங்க. பல பேர் சறுக்குறது இங்கேதான். மெம்பர் ஆகிடுவாங்க, ஸ்லாட் இருக்காது. புயல் வந்தா படகைக் கட்டுறது யார் பொறுப்பு, நீங்க ஊர்ல இல்லைன்னா யார் கை வைக்கலாம், உடைஞ்சா இன்ஷூரன்ஸ் யாருது, சந்தா நின்னா எத்தனை மாசம் பொறுப்பாங்க... இதெல்லாம் எழுத்துல இருக்கான்னு பாருங்க. 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்'னு சிரிச்சா, நீங்களும் சிரிச்சுட்டு ஒரு வாரம் யோசிங்க. பழைய படகை வாங்குறப்போ, அது இப்போ நிக்கிற இடம் உங்களுக்கு மாறுமான்னு தனியா கேளுங்க. பல நேரம் இடம் படகோட வராது, ஆளோடதான் போகும். ரெண்டு மூணு நண்பர்கள் சேர்ந்து ஒரு படகை வெச்சுக்கிறதும் நல்ல வழி. சனி, ஞாயிறு மட்டும்தானே ஓட்டப்போறீங்க.

இன்னொண்ணு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டுல விசைப்படகுகளை எல்லாம் கரையேத்தி, கொட்டலசு சுரண்டி, பலகை மாத்தி, பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருப்பாங்க. கிளப்புகளோட சம்மர் கேம்ப்பும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். காலையில கேம்ப் முடிஞ்சதும் அப்படியே வடக்கே ஒரு நடை போயிட்டு வாங்க. ஒரு படகை எப்படிக் கட்டணும், எங்கே உரசும், எது முதல்ல துருப்பிடிக்கும்னு அங்கே இருக்கிற அண்ணன்கள்கிட்ட கேட்டா விளக்கமாச் சொல்வாங்க. துறைமுக கேட்டுக்கு ஒரிஜினல் அடையாள அட்டை எடுத்துட்டுப் போக மறந்துடாதீங்க. போன்ல இருக்கிற போட்டோவைக் காட்டி உள்ளே போயிடலாம்னு நம்பிப் போனா, வெயில்ல நிக்க வேண்டியதுதான்.